நீலக்குடை அக்கா துடைத்த கோர்ட்

மூன்று வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியின் கூடைப்பந்து மைதானத்தில் நடந்தது இது. அன்றாடம் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இந்த ஒரு நாளைச் சொல்ல அதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

நான் பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஆட்டோ, வேன் சீட்டுகளுக்கு ஸ்பாஞ்ச் மெத்தை தைத்துக் கொடுக்கும் பட்டறை. படிக்கிற காலத்தில் நான் எந்த விளையாட்டும் விளையாடியவள் இல்லை. என் ஒரே மகள் ஆறாம் வகுப்பில் பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தாள். மாலைப் பயிற்சி முடியும்வரை காத்திருந்து அவளை அழைத்து வருவது என் பொறுப்பாயிற்று. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. அதனால் பார்க்க ஆரம்பித்தேன். முதல் வருடம் பந்து வளையத்துக்குள் விழுந்தால் புள்ளி என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த வருடம் விசில் எதற்காக ஊதுகிறார்கள் என்பது புரிந்தது. அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள், எதிரணியில் யார் இடது கையால் பந்து தட்டத் தயங்குகிறாள், யார் களைத்துப்போனால் முதலில் தோளைத் தொங்கப்போடுகிறாள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் அவளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன்.

"நீ விளையாடுதியா, அவ விளையாடுதாளா?" என்று என் கணவர் கேட்பார்.

கேட்பதில் நியாயம் உண்டு. விடிவதற்குள் எழுந்து அவளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவேன். போட்டி நாட்களில் என் பையில் க்ரேப் பேண்டேஜ், குளுக்கோஸ், எலுமிச்சம்பழம், மாற்று ஷூ லேஸ், ஊசி நூல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். தன் பெண்ணுக்கு வேண்டியது இல்லையென்றால் மற்ற அம்மாக்கள் என்னிடம்தான் வருவார்கள்.

மைதானத்தில் எனக்கு ஓர் எதிரி இருந்தார். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வரும் பள்ளி அணி அந்த வட்டாரத்தில் பலமான அணி. அதில் ஏழாம் நம்பர் சட்டை போட்ட பெண் என் மகளுக்கு நேர் போட்டி. அந்தப் பெண்ணின் அம்மாவைத்தான் சொல்கிறேன். வெயிலானாலும் மழையானாலும் கையில் ஒரு நீலக்குடை இருக்கும். அதை வைத்து பெஞ்சைத் தட்டிக்கொண்டே கத்துவார். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர் என்று கேள்விப்பட்டபோது, அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. நான் மனதுக்குள் 'நீலக்குடை' என்றுதான் சொல்லிக்கொள்வேன். அவர் எனக்கு வைத்த பெயர் 'நோட்டக்கா.' அதை மனதுக்குள் எல்லாம் வைத்துக்கொள்ள மாட்டார்.

"என்ன நோட்டக்கா, எம்மவ இப்ப போட்டாளே, அத எழுதிட்டீயளா? இல்ல, மை தீந்துட்டா?"

இதைக் கோர்ட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, அடுத்த முறை என் மகள் பந்தைப் பறிக்கும்போது மட்டும் அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். நாலைந்து வருடம் இப்படியே போயிற்று. ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். பள்ளி அணியில் அவளுக்கு அதுவே கடைசி வருடம். எங்கள் ஊரிலேயே நல்ல பெண்கள் அணி உள்ள ஒரு கல்லூரி இருக்கிறது. மாநிலப் போட்டியில் ஆடிய பெண்களுக்கு அங்கே விளையாட்டுப் பிரிவில் இடம் கொடுப்பார்கள். மதிப்பெண்ணை நம்பி அவள் அங்கே நுழைய முடியாது. வீட்டில் என் கணவரும் நானும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தோம். மாநிலப் போட்டிக்குப் போனால் அவள் அந்தக் கல்லூரியில் சேர்ந்து விளையாடலாம். போகவில்லையென்றால் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுடைய மாமா சொல்லும் வெளியூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். மகளும் சரி என்றுவிட்டாள். சரி என்றவள் அன்றிரவு சாப்பிடவில்லை.

மாவட்டப் போட்டியில் வெல்லும் அணிதான் மாநிலப் போட்டிக்குப் போகும். நாங்களும் கடற்கரை அணியும் மற்ற எல்லோரையும் தோற்கடித்திருந்தோம். மிச்சம் இருந்தது எங்கள் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டம் ஒன்றுதான். மறுநாள் காலையில் வென்ற அணியின் பெயரை மாநிலத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்குப் பெண்கள் ஓடிப் பழகிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு மணி நேரம் கொட்டியது. நின்றபோது சிமெண்டுத் தரையில் கூடைகள் இரண்டும் தலைகீழாகத் தெரிந்தன.

போட்டியை நடத்தியவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோர்ட்டின் நடுவே போய் நின்றார். தண்ணீர் அவர் கணுக்காலைத் தொட்டது. இரண்டு அணியையும் கூப்பிட்டார்.

"நாலு மணிக்குள்ள தரை காஞ்சா ஆட்டம். அதுக்கு மேல தொடங்குனா வெளிச்சம் பத்தாது. காயலைன்னா விதி என்ன சொல்லுதோ அப்படி முடிச்சிருவேன்."

விதி எல்லோருக்கும் தெரியும். கடைசி ஆட்டம் நடக்காவிட்டால், அதுவரை அதிகப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணிக்குக் கோப்பை. அந்தக் கணக்கை நான் முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தேன். அவர்கள் எங்களைவிட வெகுதூரம் முன்னே இருந்தார்கள்.

அதாவது, தரை காயாவிட்டால் என் மகளின் விளையாட்டு அன்றோடு முடிந்தது.

நான் பட்டறை முதலாளிக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, வெட்டிப்போட்ட ஸ்பாஞ்ச் துண்டு மூட்டை மூட்டையாக் கிடக்குல்லா. இருக்கது எல்லாத்தையும் ஒரு லோடு ஆட்டோவுல ஏத்திப் பாளையங்கோட்டைக்கு அனுப்புங்க. இப்பவே."

"ஞாயித்துக்கிழமை மழையில ஒனக்கு என்னம்மா மெத்தை?"

"மெத்தைக்கு இல்ல அண்ணாச்சி. தண்ணி எடுக்க."

என் குரலில் என்ன கேட்டதோ, அவர் உடனே பட்டறையைத் திறக்கக் கிளம்பிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெற்றோர்கள் ஆறு பேர்தான் இருந்தோம். மழை பிடித்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், இனி எங்கே ஆட்டம் நடக்கப்போகிறது என்று. பள்ளி வாட்ச்மேன் இரண்டு வாளியும் கொஞ்சம் பழைய சாக்கும் கொடுத்தார். பெண்கள் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்து மூலையில் மண்டி போட்டேன். சாக்கை ஒற்றிப் பிழிந்து, ஒரு சதுரம் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்ததற்கு நகர்ந்தேன். என் வழக்கம் அப்படி.

கொஞ்ச நேரம் கழித்து மகள் வந்து தலைக்கு மேல் நின்றாள். "எம்மா, பின்னால திரும்பிப் பாரு."

திரும்பினேன். நான் துடைத்த இடத்திலெல்லாம் மறுபடியும் தண்ணீர். கோர்ட் அந்த மூலையை நோக்கிச் சரிந்திருக்கிறது. இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணின் காலையும் கவனித்தவள், தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"மேட்டுல இருந்து வாம்மா," என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிவந்திருந்தது.

எதிரே பள்ளி வராந்தாவில் கடற்கரை ஊர்க்காரர்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். காலைப் பூசை முடிந்ததும் ஊரோடு இரண்டு வேன் பிடித்து வந்திருந்தார்கள். பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கோச் தன் பெண்களிடம் கண்டிப்பாகச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. "யாரும் கீழ எறங்கக் கூடாது. உக்காந்து சாப்பிடுங்க. நமக்குச் சாதகமா இருக்கும்போது நாம ஏன் கையை நனைக்கணும்?"

அவர் மேல் தவறில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஏழாம் நம்பர் மட்டும் சாப்பிடவில்லை. வராந்தாப் படியில் நின்று கோர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

நீலக்குடை எழுந்தார். கையைக் கழுவினார். தண்ணீரில் காலை வைத்து நேராக என்னிடம் நடந்து வந்தார். தரை அபாயமாக இருக்கிறது, ஆட்டம் வேண்டாம் என்று மாஸ்டரிடம் எழுதிக் கொடுக்கப்போகிறார், அதற்கு முன் என்னிடம் நாலு வார்த்தை குத்திவிட்டுப் போக வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"என்னக்கா, தரையிலயும் வரி வரியா எழுதுதீய?"

நான் நிமிரவில்லை.

"எத்தன பேரு இருக்கீய?"

"பாத்தா தெரியலையா?"

"இந்த ஆள வச்சி நாலு மணிக்குள்ள முடியாதுக்கா."

"முடியாட்டா ஒங்களுக்குத்தான நல்லது. போயிச் சாப்பிடுங்க." எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அந்த அம்மா முன்னால் அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே சாக்கை இன்னும் முறுக்கிப் பிழிந்தேன்.

அவர் போகவில்லை. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் தணிந்து பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

"போன வருசம் எங்க பக்கத்துல ஒரு போட்டி. கடைசி மேட்ச்சுக்கு இதே மாதிரி மழ. கப்பத் தூக்கி எங்க பிள்ளையளுக்குக் குடுத்துட்டாங்க. ஊரே வெடி போட்டுக் கூட்டிட்டுப் போச்சி. இவ வீட்டுக்கு வந்து அந்தக் கப்ப அரிசிப் பானைக்குப் பின்னால தள்ளிட்டா. சொந்தக்காரங்க வந்து எங்கட்டி கப்புன்னு கேட்டா, 'மழைட்ட போயிக் கேளுங்க'ங்கா. ஒரு வருசமா அது அங்கனயேதான் கிடக்கு." மகள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். "இன்னொரு மழக்கப்ப வைக்க எங்க வீட்டுல எடம் இல்லக்கா."

சொல்லிவிட்டு எழுந்தார். வராந்தாப் பக்கம் திரும்பினார். அடுத்து வந்தது ஏலக் கூடத்துக் குரல்.

"ஏலே, தின்னது போதும்! அம்புட்டு பேரும் எறங்குங்க!"

கோச் ஓடி வந்தார். "அக்கா, என்ன செய்யுதீய? கையில இருக்குத வெற்றியைப் போயி..."

"கையில இருக்கா சார்? எங்க, காட்டுங்க பாப்போம்."

அவர் கையை விரித்தார், பிறகு மூடிக்கொண்டார். அதற்குள் ஏழாம் நம்பர் படியிலிருந்து குதித்துவிட்டாள். அவள் பின்னால் அவர்கள் அணிப் பெண்கள், அவர்கள் பின்னால் வேனில் வந்த கூட்டம்.

அதன் பிறகு நடந்ததை ஏலம் என்றுதான் சொல்ல வேண்டும். நீலக்குடை கோர்ட்டின் நடுவில் நின்றுகொண்டு குடையை நீட்டினார்.

"இந்தக் கூடைக்குக் கீழ யாரு எடுக்கா? ரெண்டு ஆளு... ரெண்டு ஆளுதானா? மூணு! அந்த அண்ணன் வீட்டோட மூணு. ஒங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க! நடு வட்டம், நடு வட்டம்... என்ன மச்சான், நீரு வயித்தத் தடவிட்டு நிக்கீரு? நடு வட்டம் ஒமக்குத்தான் வே!"

ஆண்கள் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டு இழுத்தார்கள். பெண்கள் துண்டால் ஒற்றினார்கள். பேட்டையிலிருந்து லோடு ஆட்டோ வந்து சேர்ந்ததும், மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினேன். மஞ்சளும் வெள்ளையுமாக, முக்கோணம், நீளம், சீட்டின் வளைவு எல்லா வடிவத்திலும் ஸ்பாஞ்ச். ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு எல்லோரும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரிசையாக மண்டி போட்டு வந்தோம். என் வலது பக்கம் என் மகள். இடது பக்கம் ஏழாம் நம்பர். இருவரும் ஒரே வாளியில் பிழிந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நாலு மணி ஆகக் கொஞ்சம் இருக்கும்போது தூறல் விழுந்தது.

எல்லோரும் அப்படியே நின்று வானத்தைப் பார்த்தார்கள். யாரோ, "போச்சி," என்றார்கள். நீலக்குடை தன் குடையை விரித்து, கூடைக்குக் கீழே தரையில் கவிழ்த்து வைத்தார். ஒரு குடையால் ஒரு கோர்ட்டை மூட முடியாது. ஆனாலும் வைத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் தன் குடையைக் கொண்டுவந்தார். அப்புறம் வேனிலிருந்து, வராந்தாவிலிருந்து, என் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து என்று இருந்த குடையெல்லாம் வந்தது. கறுப்பும் பூப்போட்டதுமாகக் கூடைக்கு முன்னால் ஒரு குடைக் கூட்டம். அதைச் சுற்றி நனைந்துகொண்டு நாங்கள். தூறல் ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை.

மாஸ்டர் வெறுங்காலோடு கோர்ட் முழுவதும் நடந்தார். குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பந்தை வாங்கி நான்கு மூலையிலும் தட்டிப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்து, "ஷூ போடுங்கம்மா," என்றார்.

காய்ந்த பெஞ்ச் ஒன்றுதான் இருந்தது. நீலக்குடை அக்காவும் நானும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டு பேர் சேலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் பாதியில் அவர் தன் மகளுக்காகக் கத்தினார், நான் என் மகளுக்காக. ஆனால் அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன் ஒரே தரையில் மண்டி போட்டவர்கள் பழையபடி சண்டை போடுவது எப்படி என்று இருவருக்குமே தெரியவில்லை.

மூன்றாம் பகுதியில் ஏழாம் நம்பர் பந்தோடு மூலைக்கு ஓடினாள். திரும்பும்போது கால் வழுக்கி விழுந்தாள். தலை தரையில் படாமல் கையை ஊன்றிக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அது நான் முதலில் துடைத்த மூலை. பள்ளத்து மூலை. என் மகள் விளையாட வேண்டும் என்பதற்காக இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் காலை உடைத்துவிட்டேனா என்று அந்த நேரத்தில் தோன்றியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்னை அறியாமல் பக்கத்தில் இருந்த அந்த அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறேன். அவர் கையும் குளிர்ந்திருந்தது. ஆனால் குரல் குளிரவில்லை.

"எந்திரிட்டி! படகுலயே வழுக்காத காலு, இங்கனயா வழுக்கப்போவுது?"

ஏழாம் நம்பர் சிரித்துவிட்டாள். பாதத்தை அசைத்துப் பார்த்தாள். எழுந்தாள். என் மகள் ஓடிப்போய் எங்கள் பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஒரு ஸ்பாஞ்சை எடுத்து வந்து அந்த இடத்தை ஒற்றி எடுத்தாள். ஏழாம் நம்பர் அங்கே காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஆட்டம் தொடர்ந்தது.

கடைசி நொடியில் பந்து வளையத்தில் சுற்றி விழுந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடைசிப் பகுதியில் எங்கள் பெண்கள் நன்றாக ஆடினார்கள், அவர்கள் களைத்துவிட்டார்கள். ஏழு புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் வென்றோம்.

விசில் ஊதியபோது நான் எழுந்து நின்றேன். கை தட்ட வரவில்லை. எத்தனையோ வருடமாக இந்த ஒரு விசிலுக்காகத்தான் நான் விடியற்காலையில் எழுந்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் மகள் கைக்கு வந்துவிட்டதை எடுத்து நடுத் தரையில் வைத்தவர். அவர் மகளுக்கும் அது பள்ளியில் கடைசி வருடம்தான். மாநிலப் போட்டி அவளுக்கும்தான் போயிற்று.

"அக்கா," என்றேன்.

அவர் சேலை முந்தியைப் பிழிந்துகொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீரா, வேறா என்று நான் பார்க்கவில்லை. "ஒண்ணும் சொல்லாண்டாம் நோட்டக்கா. ஒங்க பிள்ளையள் ஸ்டேட்டுல மொத மேட்ச்சுலயே தோத்துட்டு வந்தாளுவன்னு வைங்க, பெறவு இருக்கு ஒங்களுக்கு. இம்புட்டு பேரு முட்டி தேயத் துடைச்சிருக்கோம், வீணாப் போயிரக் கூடாது."

எதிரே ஏழாம் நம்பர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என் மகள் கோப்பை வாங்கிய கூட்டத்திலிருந்து விலகிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அவள் போட்டிகளில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து நான் அவளிடம் கேட்காமல் விட்ட முதல் விஷயம் அதுதான்.

மாநிலப் போட்டியில் முதல் ஆட்டத்தில் வென்றார்கள், இரண்டாவதில் தோற்றார்கள். மகளுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கொடுத்த வாக்கின்படி என் கணவரே போய்ப் புது ஷூ வாங்கி வந்தார். ஏழாம் நம்பரால் விளையாட்டுப் பிரிவில் எங்கும் சேர முடியவில்லை. மதிப்பெண்ணில் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, முதல் வருடமே அதன் அணிக்குள் போய்விட்டாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இரண்டு பெண்களும் மறுபடியும் எதிரெதிரே நின்றார்கள். இரண்டு அம்மாக்களும்தான். போன வருடம் அவர்கள் எங்களைத் தோற்கடித்தபோது, கோர்ட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து, "மை இருக்கா நோட்டக்கா?" என்று அந்தக் குரல் கேட்டது. நானும் கத்தினேன்: "தீந்துட்டுக்கா, குடையக் குடுங்க, அத வச்சி எழுதுதேன்!" என் வாழ்க்கையில் பொது இடத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. மகள் இரண்டு நாள் என்னோடு வெளியே வர மறுத்தாள்.

இந்த வருடம் இரண்டு பேரும் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். ஒரே அணி. பட்டியல் வந்த அன்று நீலக்குடை அக்காவிடமிருந்து போன் வந்தது. "எக்கா, இனி ஒரே பக்கமாக் கத்தணுமாம்லா. எனக்குப் பழக்கமே இல்லையே, எப்படிக் கத்த?"

வெளியூர்ப் போட்டிக்கு ஒன்றாக ரயில் ஏறுவதற்காக, முந்தின நாள் மாலை அவர்கள் ஊருக்கு மகளோடு போயிருந்தேன். கடலுக்கு முதுகு காட்டிய சின்ன வீடு. முன்னறையில் டிவி. அதன் மேல், மாதா படத்துக்குப் பக்கத்தில், கைக்குள் அடங்கும் ஒரு கோப்பை. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் தோற்ற அணிக்குக் கொடுத்த இரண்டாம் பரிசு அது.

"அந்தப் பெரிய கப்பு?" என்று கேட்டேன்.

அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "அது அங்கனயேதான் இருக்கு. அரிசிப் பானைக்குத் துணையா."

என் பையில் இப்போது பேண்டேஜுக்கும் குளுக்கோஸுக்கும் நடுவே பட்டறையிலிருந்து எடுத்துவந்த மஞ்சள் ஸ்பாஞ்ச் ஒன்று எப்போதும் இருக்கிறது. சித்திரை வெயிலிலும் அதை எடுத்து வெளியே வைப்பதில்லை. அன்று எங்களுக்குச் சாதகமாக மழை பெய்திருந்தால் வராந்தாவை விட்டு நான் இறங்கியிருப்பேனா என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இறங்கியிருப்பேன் என்று தயங்காமல் சொல்லக்கூடிய நாள் வரும் என்ற நம்பிக்கையில்தான் அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.